இடது பெடல்

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு
மனாமாவில், குதைபியாவின் பின்தெரு
பிழிந்து போட்ட துணி மாதிரி கிடக்கும்.
லேடீஸ் டெய்லர் கடை ஷட்டரை
முக்கால்வாசி இறக்கிவிட்டு
குனிந்து உள்ளே போவோம்.
மிஷின்களுக்குப் போர்வை.
வெட்டுமேசை மேல் அட்டைப்பெட்டி விரித்து
அதில் தலைகீழாக ஒரு சைக்கிள்.

சாவி என்னிடம். நான் இங்கே
ஊக்கு வைப்பவள், ஓரம் அடிப்பவள்.
முதலாளியம்மாவுக்குத் தெரியும்,
தெரியாத மாதிரி இருக்கத் தெரியும்.
ஒரு துணியில் கிரீஸ் பட்டாலும்
சம்பளத்தில் பிடித்துவிடுவாள்.

சுகந்தமலருக்கு ஒரு நாளைக்கு நாலு வீடு.
வீட்டுக்கு வீடு டாக்ஸி என்றால்
கடைசி வீட்டில் வெறுங்கையால் கூட்டினமாதிரிதான்.
மேரிவிக் சலூனில் நகம் வெட்டுகிறாள்.
லெம்லெம் குழந்தை பார்க்கிறாள், எரித்திரியாக்காரி,
ஸ்போக் முறுக்குவதில் எங்களில் அவள்தான் ராணி.
மார்க்கெட் பக்கம் கடை இல்லாமல் இல்லை.
'சீட்டை சரி பண்ணித் தர்றேன்' என்று
அங்கே நீளும் கை
சீட்டோடு நிற்பதில்லை.

ஆகஸ்ட் மாதம்.
ஷட்டருக்குக் கீழே தெரிந்த இடைவெளியில்
இரண்டு கால்கள். லாண்டரிக்காரர்களின் நீல பேன்ட்.
செருப்புக்குள் கால்விரல் நகங்களில்
துடைத்தும் போகாத சிவப்பு.
கண்ணாடியில் ஒட்டிய போர்டை
அந்த ஆள் படித்துக்கொண்டிருந்தாள்:
அரபியில், இங்கிலீஷில், மலையாளத்தில்,
ஆண்களுக்கு அனுமதி இல்லை.

'அக்கா, இங்க பாப்பீங்கன்னு சொன்னாங்க.'
கழுத்தில் தொங்கிய கார்டில் காத்தமுத்து என்று இருந்தது.
நான் படிப்பதைப் பார்த்ததும்
கார்டைத் திருப்பிப் போட்டாள்.

உடனே பதில் சொல்லவில்லை நான்.
ஷட்டர், முதலாளியம்மா, போலீஸ், விசா
என்று மனசு விரல் மடக்கிக்கொண்டிருந்தது.
அந்தக் கணக்கு சரி என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.
முழுக்கத் தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை.

லெம்லெம் நிமிரவே இல்லை.
சக்கரத்தைப் பிடிக்க ஆள் வேண்டும் அவளுக்கு.
'தஆலி' என்றாள்.

அரபியில் 'வா'வுக்கு இரண்டு சொல்.
ஆணை அழைக்க தஆல்.
பெண்ணை அழைக்க தஆலி.
ஆறு வருஷம் மூட்டை தூக்கியவளுக்கு
வாசலுக்கு வாசல் தஆல், தஆல்.
குனிந்து உள்ளே வந்தவள்
சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
வெகுநேரம்
எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அப்புறம் அவள் சைக்கிள்.
இடது பெடலை முறுக்க முறுக்க
கழன்றுகொண்டே இருந்தது.
சுகந்தமலர் ஸ்பேனரை வாங்கினாள்.
'மற்றப் பக்கம் திருப்பும் பிள்ளை.
இடது பெடலுக்கு மரை அப்பிடித்தான்.
இல்லாட்டி ஓட ஓடக் கழண்டு விழுந்திடும்.'
'மரை கழண்டதுன்னு
எங்க ஊர்ல என்னைத்தான் சொல்லுவாங்க.'
'எங்கட பக்கம் நட்டுக் கழண்டதெண்டு சொல்லுவம்.'
இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில்
நான் ஓடிப்போய்
ஷட்டரை இன்னும் ஒரு சாண் இறக்கினேன்.

மார்பு, இடுப்பு, கைநீளம் எழுதுகிற
அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில்
எங்கள் வரவுசெலவு:
ட்யூப் ஒன்று, பேட்ச் மூன்று, யார் பாக்கி.
'என்ன பேர் போடட்டும்?' என்றேன்.
சொன்னாள்.
போட்டேன்.
அந்த நோட்டில் இருக்கிறது,
இங்கே எழுதமாட்டேன்.

அடுத்த வெள்ளி ஒரு பை கொண்டுவந்தாள்.
ஹோட்டல்காரர்கள் கழித்துப்போட்ட துண்டுகள்,
கை துடைக்க.
அத்தனையும் துவைத்து,
இஸ்திரி போட்டு,
மூலைக்கு மூலை மடித்து.
கிரீஸ் கையோடு நாலு பேரும்
தொடத் தயங்கிக்கொண்டு நின்றோம்.